கூரையில் வெயில், வீட்டில் இருட்டு

இந்தத் தீவுக்குக் குடிவந்த இரண்டாம் ஆண்டில் கூரையில் சோலார் பேனல் போட்டோம். வெயிலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற நினைப்பு இருந்தது. பேனல் பொருத்த வந்தவர் கூரையின் வடக்குச் சரிவை அளந்துகொண்டிருந்தபோது, கீழே நின்ற நான், "தெற்குச் சரிவில்தானே போட வேண்டும்?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் நண்பகல் சூரியனைக் கைகாட்டினார். பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்து ஒன்றரை ஆண்டாகியும், சூரியன் வடக்கு வானத்தில் நடப்பதை நான் கவனித்திருக்கவில்லை. தினமும் துணி காயப்போடும் என் மனைவிக்கு அது வந்த மாதமே தெரிந்திருந்தது.

440 வாட் பேனல்கள் பதினான்கு, அவற்றின் மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மாறுமின்சாரமாக்கும் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்று. கூரை விளிம்பை ஒட்டி இன்னும் இரண்டு பேனலுக்கு இடம் இருந்தும் அவர் வைக்க மறுத்துவிட்டார். காற்று கூரையைப் பிய்க்கும் இழுப்பு விளிம்பில்தான் மிக அதிகம் என்றார். திருகாணிகளையும் தகட்டோடு நிறுத்தாமல் கைமரம் வரை இறக்கினார். வேலையை நீட்டுகிறார் என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன். பேட்டரி வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். பகலில் மிஞ்சுவதை மின்கம்பிக்குக் கொடுப்போம், இரவில் அங்கிருந்தே வாங்கிக்கொள்வோம் என்பது என் கணக்கு.

அந்தக் கணக்கைப் புயல் தீர்த்துவைத்தது. இரவெல்லாம் அடித்து ஓய்ந்து, விடிந்ததும் வானம் கழுவிவிட்டதுபோல் தெளிந்தது. பேனல் ஒன்றுகூட அசையவில்லை. தெருவில் மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. உச்சி வெயில் கூரையில் கொட்டிக்கொண்டிருக்க, கீழே குளிர்பதனப் பெட்டி சொட்டிக்கொண்டிருந்தது. கைப்பேசியில் உயிர் இல்லை. இன்வெர்ட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும். "அப்பா, வெயில்தான் இருக்கிறதே?" என்று மகன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

பதில் பிறகு கிடைத்தது. மின்கட்டமைப்போடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், வெளியிலிருந்து வரும் மின்னோட்டத்தின் தாளத்தைக் கேட்டு அதற்கேற்பத்தான் மின்சாரம் தரும். வெளியே தாளம் நின்றால் தானும் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பியைச் சரிசெய்ய ஏறும் ஊழியர் மீது என் கூரை மின்சாரம் பாயும். ஊர் இருட்டில் கிடக்க ஒரு வீடு மட்டும் தனியாக உயிரோடிருப்பதை மின்பொறியாளர்கள் 'தீவாதல்' என்கிறார்கள். தீவுக்கு வந்து குடியேறிய எனக்கு, என் வீடு தீவாகக் கூடாது என்று கட்டளையிடும் கருவியை விற்றிருந்தார்கள். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

இரவல் கொடுத்து வாங்கும் கணக்கிலும் ஓட்டை இருந்தது. பெருநிலத்தின் மின்கட்டமைப்பு குளம் என்றால் தீவினுடையது குடம். நண்பகலில் எல்லாக் கூரைகளும் ஒரே நேரத்தில் ஊற்றினால் வழிந்துவிடும். ஹவாய் 2015 அக்டோபரிலேயே, கொடுத்ததற்கு ஈடாக அப்படியே கழித்துக்கொள்ளும் திட்டத்தைப் புதியவர்களுக்கு மூடியது. இங்கும் வெளியே அனுப்பும் அளவுக்கு வரம்பு உண்டு. மிஞ்சுவதை வீட்டிலேயே வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை.

ஆகவே பேட்டரி வந்தது, மின்தடையில் வீட்டை வெளிக்கம்பியிலிருந்து பிரித்துவிட்டுத் தானே தாளம் போடும் தனி இன்வெர்ட்டரோடு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, பத்து யூனிட் கொள்ளளவு. இது தீப்பிடிக்கும் ஆபத்து குறைந்தது, பல ஆயிரம் முறை ஏற்றி இறக்கினாலும் தாங்கும். ஆனால் வெப்பம் ஆகாது. பின்கட்டில் இருந்த தகரக் கொட்டகையில் வைக்கலாம் என்றேன். பொருத்துபவர் என்னை மதியம் இரண்டு மணிக்கு அதற்குள் ஐந்து நிமிடம் நிற்கச் சொன்னார். மூன்றாம் நிமிடமே வெளியே வந்தேன். இப்போது அது நிழல் விழும் தெற்குச் சுவரில், வெள்ளம் எட்டாத உயரத்தில் தொங்குகிறது.

மின்தடையின்போது ஓட வேண்டியவற்றைத் தனிப் பிரேக்கர் பெட்டிக்கு மாற்றினோம்: விளக்கு, மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி, இணைய மோடம், தண்ணீர் மோட்டார். அந்த மோட்டார் ஓடும்போது முக்கால் கிலோவாட்தான். கிளம்பும் நொடியில் அதுபோலப் பல மடங்கு இழுக்கும். முதல் மின்தடையில், ஆர்வக்கோளாறில் அதே பெட்டியின் பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைச் செருகியிருந்த நேரத்தில் மோட்டாரைப் போட்டேன், வீடே அணைந்தது. மோட்டாரை மெல்லக் கிளப்பும் ஒரு சிறு கருவி வாங்கிப் பூட்டிய பிறகு தொல்லை இல்லை. பேட்டரி நிறைந்துவிட்டால் அதன் இன்வெர்ட்டர் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸிலிருந்து கொஞ்சம் உயர்த்தும். கூரை இன்வெர்ட்டர் அதைப் புரிந்துகொண்டு உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். சில பழைய கடிகாரங்கள் அப்போது முந்தி ஓடும் என்பது எங்கள் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

உப்பைப் பற்றி யாரும் முதலில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான், தன் வெளிக்கதவின் கீலைத் தொட்டுக் காட்டினார். விரலில் செதில் செதிலாகத் துரு ஒட்டிக்கொண்டது. கடற்காற்றில் எல்லா 'ஸ்டெயின்லெஸ்' எஃகும் கறைபடாததல்ல. 304 ரகம் தேநீர் நிறத்தில் கறுக்கும். மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம்தான் நின்று பிடிக்கும். அலுமினியச் சட்டத்தில் எஃகு போல்ட் நேராகப் பட்டால், உப்பு ஈரம் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். இடையில் பிரித்துவைக்கும் வளையம் வேண்டும். பேனலுக்கே உப்புமூட்டச் சோதனை உண்டு, ஐஇசி 61701 என்று சர்வதேசத் தர எண்ணும் உண்டு. பேனல் வாங்குபவர்கள் வாட் கணக்கைப் பார்க்கும் ஆவலில் பாதியையாவது இதற்கு ஒதுக்கலாம். இன்னொன்று, பல்லி. அது தலையில் விழுந்தால் ஒரு பலன், தோளில் விழுந்தால் ஒரு பலன். இன்வெர்ட்டருக்குள் விழுந்தால் ஒரே பலன்தான். கேபிள் நுழையும் துளைகளை அடைக்காமல் விட்டதற்கு ஒரு சர்க்யூட் பலகையைப் பறிகொடுத்தேன்.

இங்கே மேகம் கடலிலிருந்து நிமிடத்துக்கு நிமிடம் வரும், போகும். காற்றில்லாத கடும் வெயிலில் உற்பத்தி 4.7 கிலோவாட்டுக்கு மேல் ஏறாது, ஏனென்றால் பேனல் சூடேறினால் தளர்ந்துவிடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 விழுக்காடு இழப்பு. மழை நின்று மேகம் கிழியும் கணத்தில், குளிர்ந்த பேனலில் மேக விளிம்பின் வெளிச்சமும் சேர்ந்து விழ, எண் இன்வெர்ட்டரின் வரம்பான 5-இல் போய் முட்டி நிற்கும். அடைமழை நாளிலோ அது ஒன்றைத் தொடாது. ஆகவே துணி துவைப்பதற்கு இப்போது கிழமை இல்லை, வானம்தான். பதினொரு மணிக்கு மேகம் விலகினால் மனைவியின் குரல் வந்துவிடும்.

புயல் பருவத்துக்கு முன் போல்ட்டுகளைப் பார்க்கப் போன வாரம் கூரையேறினேன். பொருத்தியவர் போட்டவை அப்படியே பளபளக்கின்றன. வடமேற்கு மூலையில் ஒன்று மட்டும் தேநீர் நிறம். சென்ற ஆண்டு ஒரு போல்ட் குறைந்தபோது, கையில் கிடைத்ததை எடுத்து நான் முடுக்கியது அது.