தண்ணீரில் மிதந்து தாமாகவே சேரவேண்டிய ஏழு அறுகோணப் பலகைகளில் ஆறு வளையமாகிவிட்டால், ஏழாவது நடுவில் எப்படி நுழையும்?

2024 டிசம்பர் 30 இரவு 10 மணிக்கு பி.எஸ்.எல்.வி. சி60 ராக்கெட் கிளம்பியதை, ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பக்கத்திலுள்ள சூலூர்ப்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். இங்கே எப்போதும் வெளிச்சம்தான் முதலில்; இரைச்சல் சாவகாசமாக வந்து சேரும். அதில் போனவை, விண்வெளியில் ஒன்றோடொன்று இணைவதைச் சோதிக்க இஸ்ரோ அனுப்பிய ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டு, தலா சுமார் 220 கிலோ. ஜனவரி 12 அன்று 3 மீட்டர் வரை நெருங்கிவிட்டுப் பின்வாங்கின. 16 அன்று இணைந்தன. இணைந்ததைவிட அந்தப் பின்வாங்கல்தான் என் மனத்தில் நின்றது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் 6.5 மீட்டர் ஆடியை 18 அறுகோணங்களாகப் பிரித்து, மடித்துத்தான் ராக்கெட்டுக்குள் அடக்கினார்கள். அதைவிடப் பல மடங்கு பெரியது வேண்டுமென்றால், துண்டுகளாக அனுப்பி அங்கேயே சேர்ப்பதே வழி. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வாளர் ஏரியல் எக்ப்ளா தொடங்கிய டெசரே திட்டத்தில், விண்வெளிக் கட்டுமானத்துக்கான பலகைகள் காந்தத்தால் தாமாகவே சேர்கின்றன. பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குள் மிதக்கவிட்டும் சோதித்திருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது தண்ணீர்த் தொட்டி.

மீன் வரும் தெர்மோகோல் பெட்டிகளை அறுத்து, பக்கம் 6 செ.மீ. உள்ள ஏழு அறுகோணங்கள் செய்தேன். ஒவ்வொரு விளிம்பிலும் இரண்டு காந்தங்கள்: இடப்பக்கம் வடதுருவம், வலப்பக்கம் தென்துருவம். இப்படி வைத்தால் எந்த விளிம்பும் எந்த விளிம்போடும் சேரும். பாதி நகர்ந்து ஒட்டப் பார்த்தால் காந்தமே தள்ளிவிடும்.

முதல் நாளே அழகாகச் சேர்ந்தன. சந்தேகம் வந்து, காந்தமே இல்லாத இரண்டு பலகைகளை அருகருகே விட்டேன். அவையும் கடைசி ஒரு விரற்கடையில் விர்ரென்று ஓடி ஒட்டிக்கொண்டன! விளிம்பில் தண்ணீர் வளைந்து நிற்பதால் பரப்பு இழுவிசை செய்கிற வேலை அது. விண்வெளியில் இந்த உதவி கிடையாது, ஆகவே இங்கும் கூடாது. பழவேற்காட்டு ஏரியில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கி, பலகையின் மேல்விளிம்பு சரியாக நீர்மட்டத்தில் நிற்கும்வரை அடியில் ஏற்றினேன். தண்ணீர் தட்டையாயிற்று, அந்த இழுப்பும் போயிற்று. ஒரு பலகைக்கு 200 கிராமுக்கு மேல் ஆனது. இரும்பு வாஷர் போட்டிருந்தால் காந்தங்கள் அதையே பிடித்திருக்கும்.

அதன் பிறகுதான் உண்மையான சிக்கல். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்பது என் கணக்கு. பல தடவை ஆறும் வளையமாகக் கைகோத்துக்கொண்டு நடுவில் காலியிடத்தை மூடிவிட்டன. ஏழாவது வெளியே அலைந்தது. ஒவ்வொரு இணைப்பையும் தனியாகப் பார்த்தால் குறையே இல்லை. ஆனால் மொத்தமும் தவறு. கரண்டியால் எவ்வளவு கலக்கினாலும் வளையம் பிரியவில்லை.

டெசரே பலகைகள் தவறான இணைப்பை உணர்ந்து தாமே விடுவித்துக்கொள்ளும். அவற்றின் காந்தத்தில் துருவம் எளிதில் மாறாத நியோடிமியக் காந்தம் ஒன்று, எளிதில் மாறும் அல்னிகோ காந்தம் ஒன்று, பக்கத்தில் பக்கமாக. இரு முனைகளிலும் இரும்புத் துண்டு. அல்னிகோவின் மேல் செம்புக் கம்பிச் சுருள். சுருளில் கணநேரம் பலத்த மின்சாரம் பாய்ந்தால் அல்னிகோவின் துருவங்கள் மட்டும் இடம் மாறும். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் விசை வெளியே வந்து பிடிக்கும். எதிரெதிரானால் இரும்பு வழியே உள்ளுக்குள் சுற்றிக்கொள்ளும், பிடி தளரும். பிடித்தபடி இருக்க மின்சாரமே தேவையில்லை.

அதே போல நானும் ஆறு செய்யத் தொடங்கினேன். செம்புக் கம்பி, மோட்டார் ரீவைண்டிங் கடையில் கிடைத்தது. "பென்சில் கனம்கூட இல்லாத காந்தத்தில் 150 சுற்றா தம்பி?" என்ற அண்ணன், தாமே ஒன்றைச் சுற்றிக் காட்டினார். சுற்றுகள் ஒன்றையொன்று ஏறாமல் நூல்கண்டு போலப் படிந்திருந்தன. மீதி ஐந்தையும் அதைப் பார்த்தே சுற்றினேன். 9 வோல்ட்டில் அல்னிகோ பாதிதான் மாறியது. சோதிக்க ஒட்டவிட்ட ஆணி இன்னும் தொங்கியது. மின்சாரத்தைச் சேர்த்து ஒரேயடியாக விடும் 2200 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 24 வோல்ட்டுக்கு ஏற்றிப் பாய்ச்சியதும் டக்கென்று ஒரு சத்தம், ஆணி விழுந்தது.

ஒரே பலகையின் ஆறு விளிம்புகளிலும் இவற்றைப் பொருத்தியிருக்கிறேன். நேற்று மூன்றாவது முயற்சியில் அது வளையத்துக்குள் மாட்டியது. மின்துடிப்பைக் கொடுத்தேன். பலகை விலகியது, வாசல் திறந்தது, ஏழாவது மெல்லத் திரும்பி நடுவில் போய் அமர்ந்தது. மறுபடி எதிர்த்திசையில் ஒரு துடிப்பு, விலகிய பலகை தன் இடத்துக்கு வந்தது.

வெளியே அலைவது அந்தப் பலகையாகவே இருந்தால் இன்றைக்கு என் கையில் வழியில்லை. ஏழிலும் சுருள் வேண்டும். மேலிருந்து தொங்கும் கம்பிகளும் பலகையை ஒரு பக்கமாக இழுக்கின்றன. ஈயத்தைக் கழற்றினால் அந்த எடையில் பேட்டரியும் கெப்பாசிட்டரும் ஏறும். அடுத்த வாரம் அதுதான் வேலை.