கோல்ட் ஏர் இன்டேக் மாட்டினேன், அளந்தும் பார்த்தேன்

போன மாதம் ஒரு விடுமுறை நாள் முழுக்க பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். கார் 1.6 லிட்டர் பெட்ரோல், டர்போ கிடையாது, ஓடிய தூரமும் அதிகமில்லை. கம்பெனி கொடுத்த ஏர் பாக்ஸை (ஏர் ஃபில்டர் இருக்கும் மூடிய பெட்டி) கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய கோல்ட் ஏர் இன்டேக் ஒன்றை, அதாவது குளிர்ந்த காற்றை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் என்று விற்கப்படும் குழாயும் ஃபில்டரும் சேர்ந்த கிட் ஒன்றை, மாட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஆர்பிஎம் ஏறும்போது இன்ஜின் மூச்சை இழுக்கும் அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். கொஞ்சம் பவரும் கூடினால் நல்லது என்று நினைத்தேன். இரண்டும் ஓரளவு கிடைத்தன. ஆனால் மாட்டிய முதல் வாரம் கிடைத்தது வேறு, அதைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் ஸ்பானரைத் தொடும் முன் ஓபிடி போர்ட்டில் (காரின் கணினியைப் படிப்பதற்கான சாக்கெட்) செருகுகிற ஒரு சின்ன ப்ளூடூத் ஸ்கேனரை வாங்கிவிடுங்கள். ஒரு வாரம் பழைய ஏர் பாக்ஸோடவே ஓட்டி, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் ஃப்யூவல் ட்ரிம்மையும் (பெட்ரோலைக் கார் தானாக எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது என்ற எண்) எழுதி வையுங்கள். இதைச் செய்யாமல் மாட்டினால் கார் முன்னேறியதா பின்னேறியதா என்று காதை மட்டும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். சத்தம் கூடினாலே வேகம் கூடியது போலத் தோன்றும், மனசு அப்படித்தான்.

என் கணக்கு இது. வெளியே 31 டிகிரி இருந்த நாளில், பழைய ஏர் பாக்ஸோடு ஓடும்போது உள்ளே போன காற்று 36 டிகிரி. சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் 52 வரை ஏறும், கிளம்பியதும் இறங்கிவிடும். அந்த 36-ஐப் பார்த்தபோதே எனக்கு யோசனை வந்திருக்க வேண்டும். வெளிக்காற்றை விட ஐந்து டிகிரிதான் கூட. அப்படியென்றால் கம்பெனியின் அமைப்பே கோல்ட் ஏர் இன்டேக்தானே! பம்பரைக் கொஞ்சம் தளர்த்தி எட்டிப் பார்த்தால், ஏர் பாக்ஸிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் ரேடியேட்டருக்கு மேலே கிரில்லுக்குப் பின்புறம் வரை போய் அங்கிருந்து காற்றை எடுக்கிறது. இன்றைய கார்கள் பலவற்றில் இப்படித்தான் இருக்கிறது, சிலவற்றில் ஃபெண்டருக்குள்ளிருந்து எடுக்கும். அந்தக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும் காலிப் பெட்டி ஒன்றைப் பலர் 'காற்றைத் தடுக்கிறது' என்று பிடுங்கி எறிகிறார்கள். அது ரெசனேட்டர். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த தத்துவத்தில் வேலை செய்வது, குறிப்பிட்ட அதிர்வெண்ணில் எழும் இரைச்சலை அமுக்குவதற்காக வைத்தது. காற்றோட்டத்தில் அது குறுக்கே நிற்பதில்லை, பக்கவாட்டில் இருக்கிறது.

காற்றின் குளிர்ச்சி ஏன் முக்கியம் என்பது எளிமையான விஷயம். சூடான காற்று விரிந்து லேசாகிவிடும், அதே கொள்ளளவில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். ஏறக்குறைய 3 டிகிரி கூடினால் அடர்த்தி 1 சதவீதம் குறைகிறது என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். பெட்ரோலை முழுமையாக எரிக்க அதன் எடையைப் போல 14.7 மடங்கு எடையுள்ள காற்று வேண்டும், அதனால் காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும், பவரும் குறையும். போதாததற்கு, சூடான காற்றில் நாக்கிங் (கலவை நேரம் தப்பித் தானாக வெடிப்பது) வரக்கூடும் என்று ஈசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கணினி, ஸ்பார்க் டைமிங்கையும் பின்னுக்குத் தள்ளும். இரட்டை நஷ்டம்.

மைலேஜ் கூடும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்பி மட்டும் வாங்க வேண்டாம். 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் இதைச் சோதித்தது. அடைத்துப்போன ஃபில்டரோடு ஓட்டினாலும் நவீன ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களில் எரிபொருள் செலவு மாறவில்லை, முழு ஆக்ஸிலரேட்டரில் வேகம் எடுப்பதுதான் மந்தமானது என்று கண்டார்கள். யோசித்தால் சரிதான். நிதானமாக ஓட்டும்போது காற்றைத் தடுப்பதே பெடலுக்கேற்பத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டுதான், ஃபில்டரில் இருக்கும் சின்னத் தடை அங்கே கணக்கிலேயே வராது. ஆக இந்த கிட் எதையாவது கொடுத்தால், பெடலை முழுக்க அழுத்தி ஆர்பிஎம் மேலே இருக்கும் நேரத்தில்தான் கொடுக்கும்.

சரி, எந்தக் குழாய் வாங்குவது? இதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். எல்லா காருக்கும் பொருந்தும் என்று சொல்லி 76 மி.மீ. குழாய் ஒன்று கிடைத்தது, பார்க்கவும் அழகு. ஆனால் என் காரில் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கிறது. அதற்குள் சூடாக்கிய மெல்லிய கம்பி அல்லது ஃபிலிம் இருக்கும், கடந்து போகும் காற்று அதைக் குளிர்விக்கும், அதை மறுபடி சூடாக வைத்திருக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்து எவ்வளவு காற்று போகிறது என்று ஈசியு கணக்கிடும். முழுக் காற்றையும் அது அளப்பதில்லை, குழாயின் நடுவில் ஒரு துளியைத்தான் பார்க்கிறது. மீதியைக் குழாயின் விட்டத்தை வைத்து அனுமானிக்கிறது. என் பழைய குழாயில் சென்சார் உட்காரும் இடத்தை வெர்னியரால் அளந்தேன், உள்விட்டம் 70 மி.மீ. அங்கே 76 போட்டால் பரப்பளவு 18 சதவீதம் கூடிவிடும். அதே அளவு காற்று மெதுவாகப் போகும், சென்சார் கிட்டத்தட்ட 15 சதவீதம் குறைத்துச் சொல்லும், பெட்ரோல் குறைவாக விழும். சும்மா ஓடும்போது புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் சென்சாரைப் பார்த்து ஈசியு சமாளித்துவிடும், ஆனால் முழு ஆக்ஸிலரேட்டரில் பல கார்கள் அந்தத் திருத்தத்தை முழுதாக நம்பி ஓடுவதில்லை. இன்ஜினுக்கு அதிகப் பெட்ரோல் தேவைப்படும் அந்த நேரத்திலேயே அது கிடைக்காமல் போனால் பிஸ்டனுக்கு ஆபத்து. அதனால் சென்சார் இருக்கும் பகுதி பழையதைப் போலவே 70 மி.மீ. இருக்கும், என் மாடலுக்கென்றே செய்த கிட்டைத் தேடி வாங்கினேன். உங்கள் காரில் மேப் சென்சார் (த்ராட்டிலுக்குப் பின்னால் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் மேனிஃபோல்டில் அழுத்தத்தை அளப்பது) மட்டும் இருந்தால் இந்தத் தலைவலி பெரும்பாலும் கிடையாது.

மாட்டும் வேலை கஷ்டமில்லை. இன்ஜின் ஆறிய பிறகு பேட்டரியின் நெகடிவ்வைக் கழற்றினேன், சென்சார் கனெக்டரை விடுவித்தேன், இரண்டு கிளாம்ப், மூன்று போல்ட், பழைய பாக்ஸ் கையோடு வந்துவிட்டது. த்ராட்டில் வாய் திறந்து கிடக்கும் நேரத்தில் அதில் சுத்தமான துணி ஒன்றை அடைத்து வைத்தேன், ஒரு சின்ன நட்டு உள்ளே விழுந்தால்கூட இன்ஜினையே பிரிக்க வேண்டி வரும். சென்சாரைப் பழைய குழாயிலிருந்து எடுத்துப் புதியதில் மாட்டும்போது உள்ளே இருக்கும் கம்பியைத் தொடாமல், அதன் ரப்பர் ஓ-ரிங் மடங்காமல், காற்று போகும் திசை காட்டும் அம்புக்குறியைப் பார்த்துப் பொருத்த வேண்டும். அப்புறம் எல்லா கிளாம்பையும் தளர்வாகவே மாட்டி, குழாயைத் திருப்பித் திருப்பி சரியான இடத்தில் நிறுத்திய பிறகு ஒவ்வொன்றாக இறுக்கினேன். இன்ஜின் தன் மவுன்ட்களின் மேல் ஆடும், பாடி ஆடாது, ஆகவே குழாயைப் பாடியோடு பிடிக்கும் பிராக்கெட்டில் ரப்பர் புஷ் கட்டாயம். பானெட் மூடும்போது குழாயில் இடிக்கிறதா என்று பார்க்க, குழாயின் மேல் களிமண் உருண்டை ஒன்றை வைத்து மெதுவாக மூடித் திறந்தேன். உருண்டையில் ஒரு விரல் தடிமன் மிச்சம் இருந்தது.

இரண்டாம் நாள் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. கோடு பி0171, கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இந்த இடத்தில் பலர் கோடை அழித்துவிட்டு ஓட்டுவார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஸ்கேனரில் ட்ரிம் பார்த்தேன். மாட்டுவதற்கு முன் எப்போதும் கூட்டல் 2 அல்லது 3-க்குள் இருந்தது, இப்போது ஐடிலில் (பெடலை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) கூட்டல் 16. ஆனால் 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 5-க்கு இறங்குகிறது. இந்த வித்தியாசம்தான் வழி காட்டியது. குழாயின் விட்டம் தப்பாக இருந்தால் ஐடிலிலும் மேலேயும் ஏறக்குறைய ஒரே மாதிரி பிசகும். ஐடிலில் மட்டும் அதிகமாகி ஆர்பிஎம் ஏறினால் குறைகிறதென்றால், வேக்குவம் இழுக்கும் இடத்தில் எங்கோ சென்சாரைக் கடக்காத காற்று நுழைகிறது. வால்வ் கவரிலிருந்து புதுக் குழாய்க்கு வரும் ப்ரீதர் ஹோஸைப் பிடித்து அசைத்தேன், கழன்று கையோடு வந்துவிட்டது. கிட்டில் இருந்த மூக்கு பழையதை விடக் கொஞ்சம் மெலிது, பழைய ஸ்பிரிங் கிளிப் அதைப் பிடிக்கவில்லை. அந்த ஹோஸ் வழியாக கிராங்க்கேஸுக்குள் (இன்ஜினின் அடிப்பகுதி) போகும் காற்று, அங்கே சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வ் மூலம் கடைசியில் மேனிஃபோல்டுக்குத்தான் வந்து சேரும், அதுவும் அளந்த காற்றாக இருந்தாக வேண்டும். சரியான அளவில் திருகு கிளாம்ப் ஒன்றைப் போட்டு இறுக்கினேன். ட்ரிம் 3-க்கு வந்தது, விளக்கு திரும்ப எரியவில்லை.

அடுத்தது சூடு. இதுதான் எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. புதுக் கூம்பு ஃபில்டர் இன்ஜின் அறைக்குள்ளேயே திறந்தபடி உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது 38 டிகிரி, பரவாயில்லை. சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றதும் 71! ரேடியேட்டர் ஃபேன் தள்ளும் சூட்டையெல்லாம் அது விழுங்குகிறது. 38-க்கும் 71-க்கும் இடையே காற்றின் அடர்த்தி 10 சதவீதம் விழுகிறது, கிளம்பும்போது கார் கனமாக இழுப்பது காலிலேயே தெரிந்தது. 'கோல்ட் ஏர்' என்ற பெயரில் வெந்நீர் ஆவி போன்ற காற்றைக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அட்டையில் மாதிரி வெட்டி, அதை வைத்து அலுமினியத் தகட்டில் ஒரு தடுப்புச் சுவர் செய்தேன். மேல் விளிம்பில் கதவுகளுக்குப் போடும் ரப்பர் பீடிங்கை ஒட்டியதால் பானெட் மூடியதும் ஃபில்டருக்குத் தனி அறை கிடைத்துவிட்டது. பழைய ஏர் பாக்ஸுக்குக் காற்று கொண்டுவந்த அதே பிளாஸ்டிக் குழாயை இந்த அறைக்குள் விட்டேன். இப்போது ஓடும்போது 35, நின்றால் 58, கிளம்பி அரை நிமிடத்துக்குள் பழைய நிலைக்கு இறங்குகிறது. நிற்கும்போது இன்னும் பழைய பாக்ஸ்தான் மேல், அதை மறைக்க விரும்பவில்லை.

அலுமினியக் குழாய் சூடாகிக் காற்றையும் சூடாக்காதா என்று ஒரு நண்பர் கேட்டார். முழு ஆர்பிஎம்மில் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1.6 லிட்டர் இன்ஜின் 6000 ஆர்பிஎம்மில் நொடிக்கு சுமார் 80 லிட்டர் காற்று இழுக்கும், 70 மி.மீ. குழாயில் அது நொடிக்கு 20 மீட்டர் வேகம். அரை மீட்டர் குழாயைக் காற்று கடக்க நொடியில் நாற்பதில் ஒரு பங்குகூட ஆகாது, சூடாக நேரமே இல்லை. ஐடிலில் மட்டும் கொஞ்சம் பாதிக்கும். ஃபில்டர் எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம்.

ஓட்டத்தில் என்ன வித்தியாசம்? 4500-க்கு மேல் கொஞ்சம் தாராளமாக ஏறுகிறது, அதற்குக் கீழே எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. பவரை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றிப் பார்க்கவில்லை, அதனால் எத்தனை குதிரைத்திறன் என்று சொல்ல மாட்டேன். சத்தம் மட்டும் மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஃபோர்த் கியரில் பெடலை அழுத்தினால் முன்பு மங்கலாகக் கேட்ட மூச்சு இப்போது கணீரென்று வருகிறது, மூடிய பழைய பாக்ஸ் போனதன் பலன்.

ஃபில்டரை பம்பருக்குக் கீழே, ஃபெண்டருக்குள் இறக்கி வைக்கும் நீளமான வகையும் உண்டு, குளிர்ச்சியில் அதுதான் முதலிடம். நான் அதை வேண்டாம் என்றதற்கு ஒரே காரணம் தண்ணீர். தேங்கிய நீரில் ஃபில்டர் மூழ்கினால் இன்ஜின் தண்ணீரை இழுத்துவிடும். தண்ணீரை அமுக்க முடியாது, மேலே வரும் பிஸ்டன் அங்கேயே நிற்கும், கனெக்டிங் ராட் வளையும். அப்படி நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பது இன்னும் மோசம். மழையில் ஓட்டுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் நன்றாக யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஃபில்டரில் எண்ணெய் பூசும் காட்டன் வகை, உலர் வகை என்று இரண்டு இருக்கின்றன. காட்டன் வகையைக் கழுவிய பிறகு எண்ணெயை அதிகமாகப் பூசினால் அது போய் சென்சாரில் படியலாம். நான் உலர் வகை எடுத்தேன். பழைய ஏர் பாக்ஸ், அதன் போல்ட், கிளிப் எல்லாம் பெயர் எழுதி ஒரு பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. மழைக்காலம் வந்ததும் அதையே திரும்ப மாட்டிவிடப் போகிறேன், அரை மணி நேர வேலைதான்.