கீபோர்டு பாட்டு கிட்டாருக்கு ஏறியது: தகராறு முழுக்க இரண்டாம் தந்தியில்

கீபோர்டில் கண்ணை மூடினாலும் வரும் பாட்டு ஒருவழியாக கிட்டாரிலும் நிற்கிறது. பல்லவி, அனுபல்லவி சுத்தம். சரணத்தில் பாதி பாக்கி.

தசை ஞாபகம் என்கிறோமே தவிர, அது தசையில் இல்லை. சிறுமூளை உட்பட, அசைவுகளைக் கோத்து வைக்கும் மூளைப் பகுதிகளின் வேலை அது. அங்கே பதிவது விரலின் வரிசை, ஸ்வரம் அல்ல. அதனால்தான் நடுவில் பாட்டு அறுந்தால் கை மறுபடி முதலிலிருந்து போகப் பார்க்கும். வாத்தியத்தை மாற்றினால் பாட்டே தெரியாதது போல முழிக்கும். எந்த வாத்தியத்துக்கும் கூடவே வருவது காதில் உள்ள மெட்டும் வாயில் உள்ள ஸ்வரமும்தான். கீபோர்டைத் தொடாமல் ஒவ்வொரு அடியையும் ஸ்வரமாகப் பாடிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: எங்கே திக்குகிறதோ, அந்த அடி கையில் மட்டும்தான் இருக்கிறது.

சுருதி மாற்றும் பொத்தானைப் பழகியவர்களுக்கு இது இரட்டைத் தலைவலி. காதில் ஐந்து கட்டை (கட்டை என்பது சா எந்த உயரத்தில் என்று சொல்லும் கணக்கு) கேட்கும், கை ஒரு கட்டையிலேயே உட்கார்ந்திருக்கும். கிட்டாருக்கு மாற்றும் வரையாவது அதை அணைத்து வையுங்கள்.

இனி அந்த இரண்டாம் தந்தி. 'ச ரி க ப த' என்ற பிடியை எடுத்துக்கொள்வோம். தந்திகளை மெல்லியதிலிருந்து எண்ணுகிறோம்; ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி, ஒன்று தாண்டினால் ஒரு அரைஸ்வரம் ஏறும். சா ஐந்தாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டில் (இரண்டு கட்டை). ரி அதே தந்தியில் 7, க நான்காம் தந்தியில் 4, ப அதிலேயே 7, த மூன்றாம் தந்தியில் 4. கைக்குப் பிடித்துப்போகும் அழகான வடிவம். அதையே ஒரு தந்தி கீழே தள்ளி, நான்காம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலிருந்து தொடங்கினால் (ஐந்து கட்டை) முதல் நாலு ஸ்வரமும் ஒழுங்காக வரும். தைவதத்துக்கு ('த') விரல் பழைய நினைப்பில் இரண்டாம் தந்தியின் 4க்குப் போகும். வேண்டிய சதுஸ்ருதி தைவதம் ஒரு அரைஸ்வரம் கீழே உள்ள சுத்த தைவதமாகிவிடும். வேண்டியது 5. மற்ற தந்திகளுக்கிடையே ஐந்து அரைஸ்வர இடைவெளி, மூன்றுக்கும் இரண்டுக்கும் மட்டும் நாலு. இந்த ஒரு ஃப்ரெட்டுக்குத்தான் இத்தனை பாடு.

முழு அடியையும் திரும்பத் திரும்ப வாசிப்பதால் இது சரியாகாது. தப்பான ஃப்ரெட்டும் சேர்ந்தே பதியும். 'ப த' இரண்டை மட்டும், பாதி வேகத்தில், வாயால் ஸ்வரம் சொல்லிக்கொண்டே வாசிக்க வேண்டும். பிறகு 'க ப த', அப்புறம் 'ரி க ப த' என்று பின்னாலிருந்து முன்னால் கட்டிக்கொண்டு வரவும். எந்த இடத்திலிருந்தும் நுழைய முடிகிற பாட்டு மேடையில் அறுந்தாலும் பிழைக்கும். விரல் எண்ணைத் தந்தி மாறும் இடத்தில் மட்டும் குறித்தால் போதும், ஆனால் தினம் ஒரு விரல் மாற்றக் கூடாது. தாளம் தட்டும் மெட்ரோனோமைப் பாதியாகக் குறைத்தும் பாட்டு வந்தால்தான் பதிந்தது என்று அர்த்தம். வேகமாக வருவதை நம்பவே கூடாது. அங்கே கை தன்பாட்டுக்கு ஓடுகிறது.

உகுலேலே (சின்ன கிட்டார் போன்ற வாத்தியம்) வைத்திருப்பவர்களுக்கு இதே உழைப்பு இலவசமாக ஏறும். அதன் நாலு தந்திக்கும் கிட்டாரின் மெல்லிய நாலு தந்திக்கும் இடைவெளி ஒன்றே, ஐந்து கட்டைக்குப் போட்ட வடிவம் அங்கே ஒரு கட்டையாகக் கேட்கும். ஆனால் வழக்கமாக வரும் தந்தி செட்டில் நான்காம் தந்தி ஒரு ஸ்தாயி மேலே இருக்கும், 'ச ரி' குதித்துவிடும். மெட்டு வாசிக்கத் தாழ்ந்த நான்காம் தந்தி உள்ள செட்டைக் கேட்டு வாங்குங்கள். அது தடிமன், நட்டில் (கழுத்தின் உச்சியில் தந்திகள் தங்கும் துண்டு) உள்ள காடியைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டிவரலாம்.

சரணம் முடிவதற்குள் மாண்டலின் மேல் கண் போய்விட்டது. எல்லாத் தந்திகளுக்கிடையேயும் ஏழு அரைஸ்வரம், இந்த இரண்டாம் தந்தி வம்பே கிடையாது. மேற்கத்திய வயலினுக்கும் அதே சுருதிதான் என்பதால் இடது கை வரைபடம் அப்படியே போகும். ஃப்ரெட் இல்லாத குறையைக் காதுதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.