முழங்காலுக்கு பிஆர்பி ஊசி போட்ட கதை

கரப்பந்து விளையாடும்போது முழங்கால் திருகுப்பட்டு, குருத்தெலும்பில் ஒரு பக்கம் சேதம். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது, எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. படியிறங்கினால் குத்தும். கோயிலில் சப்பாணி கட்டி இருந்தால் எழும்ப யாராவது கை கொடுக்க வேண்டும்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். அம்மாவுக்கு முறிவு நெரிவு வைத்தியரின் எண்ணெயில்தான் நம்பிக்கை. கனடாவிலிருக்கும் மச்சான், "பிஆர்பி போடு, குருத்தெலும்பு புதுசா முளைக்கும்" என்றான். பிஆர்பி என்பது நம் இரத்தத்திலிருந்தே பிளேட்லெட்டுகளைச் செறிவாக்கித் தயாரிக்கும் ஊசி. எலும்பியல் நிபுணரிடம் அதையே கேட்டேன்.

"முளைக்கும் எண்டு நான் சொல்லமாட்டன். நோவு குறையலாம், குறையாமலும் போகலாம்" என்றார்.

குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது, அதனால் தானாக ஆறுவது கடினமாம். பிளேட்லெட்டுகள் என்பவை இரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்கள். அவற்றில் காயம் ஆற்றும் வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன; அவற்றைச் செறிவாக்கி மூட்டுக்குள் விடுகிறார்கள். ஸ்டீரொய்ட் ஊசி கெதியாகச் சுகம் தரும், ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்புக்கே கூடாது. அது வேண்டாமென்றேன். 2021இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்றையும் வாசித்திருந்தேன். மூட்டுத் தேய்வுள்ள 288 பேரில் பிஆர்பி போட்டவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கும் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் நோவில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அது தேய்வு, எனக்கு இருப்பது காயம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆசைப்பட்டால் காரணமா கிடைக்காது!

ஊசிக்கு முன்னரே டைகுளோபினாக் மாதிரியான நோவுக் குளிசைகளை நிறுத்தச் சொன்னார்கள், அவை பிளேட்லெட்டின் வேலையைக் கெடுக்குமாம். தாங்க முடியாவிட்டால் பனடோல் மட்டும். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில்தான் போட்டேன். பணம் கட்டும் இடத்தில் ஊசிக்கு ஒரு கணக்கு, ஸ்கானுக்கு ஒரு கணக்கு, நிபுணருக்கு இன்னொன்று. முதலிலேயே மொத்தத் தொகையைக் கேட்டுவிடுங்கள்.

கையில் இரத்தம் எடுத்து, குழாயை மெஷினில் வைத்துச் சுற்றினார்கள். வெளியே எடுத்தபோது அடியில் கடும் சிவப்பு, மேலே தெளிந்த மஞ்சள். அதிலிருந்து கொஞ்சத்தை உறிஞ்சியெடுத்து, ஸ்கான் திரையைப் பார்த்தபடி முழங்கால் சிரட்டையின் பக்கவாட்டில் இறக்கினார். ஊசி குத்தியது பெரிதாகத் தெரியவில்லை. மருந்து உள்ளே போகப் போகத்தான் மூட்டு வெடித்துவிடும் போல ஓர் இறுக்கம்.

அன்றிரவு கால் வீங்கி, முன்பைவிட மோசமான நோவு. முதல் சில நாட்கள் அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. அப்புறம் பிசியோதெரபி. துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்துவது, காலை நீட்டியபடி உயர்த்துவது, கதிரையில் இருந்து எழும்புவது. செய்யச் சலிப்பாக இருக்கும். ஆனால் தொடைத்தசை பலப்படாமல் முழங்கால் தேறாது என்று பிசியோ அக்கா விடவேயில்லை.

இப்போது படியிறங்கக் குத்துவதில்லை. சப்பாணி கட்டினால் இன்னும் கொஞ்சம் பிடிக்கிறது. ஊசியா, பயிற்சியா என்று நிபுணரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "ரெண்டாவது ஊசிக்கு இப்ப அவசரமில்லை, பயிற்சியை விடாதேங்கோ" என்றார்.