எட்டுக் கிலோவில் போனது எது?

“எடையக் குறை குறைன்னு நீங்கதானே சொன்னீங்க, இப்ப குறைச்சதும் தப்புங்கறீங்க!” முட்டி வலிக்கு பிசியோதெரபிக்கு வந்த 69 வயது அம்மா கேட்டது. பதில் சொல்லியாயிற்று. அது முழுப் பதில்தானா என்பதில்தான் இன்னும் சந்தேகம்.

74 கிலோவாக இருந்தவர் ஆறு மாதத்தில் 66க்கு வந்திருந்தார். வைத்தியம் வேறொன்றுமில்லை, ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியதுதான். கூட வந்த மகளுக்கு ஏகப் பெருமை. வலியும் குறைந்திருந்தது, அதில் பொய்யில்லை. உடம்பில் 1 கிலோ குறைந்தால், நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் முட்டி தாங்கும் சுமை 4 கிலோ அளவுக்குக் குறையும்.

நாற்காலிச் சோதனைதான் இடித்தது. கைப்பிடி இல்லாத, 43 செ.மீ. உயர நாற்காலி, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ண வேண்டும். 65–69 வயதுப் பெண்ணுக்கு 11க்குக் கீழே போனால் விழும் அபாயம் உண்டு என்று கொள்வது வழக்கம். முன்பு 9 செய்தவர், இப்போது 6. ஏழாவதில் கை தொடையில் ஊன்றிவிட்டது. அது கணக்கில் சேராது.

பயிற்சி இல்லாமல் வெறுமே சாப்பாட்டைக் குறைத்தால், போகிற எடையில் கால் பங்கு வரை கொழுப்பல்லாததாக, அதாவது பெரும்பாலும் தசையாக, இருக்கலாம். மறுபடி எடை ஏறும்போது ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது நன்றாகவே தெரியும். குறைப்பதும் ஏறுவதுமாக நாலு தடவை போய்வந்தவருக்குத் தராசு பழைய எண்ணையே காட்டும், கால் மட்டும் மெலிந்திருக்கும். இதைச் சொன்னதும்தான் அம்மாவுக்குக் கோபம்.

கோபம் நியாயம்தானோ? அமெரிக்காவில் பிட்ஸ்பர்க், மெம்ஃபிஸ் நகரங்களில் 70–79 வயதுக்காரர்கள் 3,075 பேரை வைத்து 1997இல் தொடங்கிய ஆய்வில், 25 வயதிலும் 50 வயதிலும் என்ன எடை என்று கேட்டார்கள். இளம் வயதிலிருந்தே பருமனாக இருந்த பெண்களுக்கு, கால் மைல் நடப்பதும் 10 படி ஏறுவதும் சிரமமாகும் வாய்ப்பு அதிகம். ஆக, இன்றைய எடையை மட்டும் எழுதிக்கொள்வது பாதி வேலை. மீதியைக் கேட்டால் நம் பெண்களுக்குக் கிலோவில் சொல்லத் தெரியாது. ஜாக்கெட்டைக் கேளுங்கள்: கல்யாண ஜாக்கெட்டின் உள்தையலை எப்போது பிரித்துவிட்டீர்கள், அதுவும் பற்றாமல் எப்போது புதிதாகத் தைத்தீர்கள்? இந்த அம்மா சொன்னது, இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு. நாற்பது வருஷச் சுமை. அதை 69இல் எட்டுக் கிலோ குறைத்து எவ்வளவு ஈடுகட்ட முடியும்?

அதற்காக எடையைத் தொடாமல் விடவும் முடியாது. வலி இருந்தால் பயிற்சியே நடக்காது. இருந்தும், இந்த வயதில் முதலில் தசை, பிறகுதான் தராசு என்று எடுத்த முடிவில் பிசகில்லை என்றே தோன்றுகிறது.

செய்யச் சொன்னது இவ்வளவுதான். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் சரியாக இருப்பதைப் பார்த்துக்கொண்டு, நாளுக்கு 66 கிராம் புரதம். இரண்டு இட்லியில் 4 கிராம்தான் தேறும். ஒரு முட்டையில் 6. வெந்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் 14 அளவுக்கு வரும். ராத்திரிச் சாப்பாடு திரும்பவும் உண்டு, ஆனால் சுண்டலோ முட்டையோ இல்லாமல் இல்லை. நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்தி, எழுந்து உட்கார 8 முறை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். சுலபமானதும் தலையணையை எடுத்துவிட வேண்டும். எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: பாதத்தை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு, உடம்பை வீசி எழுவார்கள். அப்போது வேலை செய்வது வேகம், தொடை அல்ல. குதிகால் முட்டிக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். உட்காரும்போது மூன்று எண்ணி இறங்க வேண்டும். மூச்சை அடக்கினால் பிரஷர் ஏறும்.

மூன்று மாதம் கழித்து எண்ணிக்கை 10. எடை 67½. வலி கொஞ்சம் திரும்பியிருந்தது. “எழுந்திரிக்கிறது பரவால்ல, படிதான் வலிக்குது” என்றார் அம்மா. மகள் தராசைக் காட்டி, “இதுக்கு ராத்திரிச் சாப்பாட்ட நிறுத்துனதே தேவலாம்ல?” என்றார். இல்லை என்றுதான் சொன்னோம். படி வலிக்கிறதே என்றதற்கு, பக்கக் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறச் சொன்னதைத் தவிர வேறு பதில் அன்றைக்கு இல்லை.