பழைய ஜிப்சியைக் காட்டுப்பாதைக்குத் தயார்செய்தல்: பணி நாட்குறிப்பு

ஜனவரி 10

வண்டி மாருதி ஜிப்சி, எம்ஜி413டபிள்யூ. 1298 சிசி பெட்ரோல் எஞ்சின், முன்னும் பின்னும் முழு அச்சு, நான்கு மூலையிலும் கமான் பட்டை (வளைந்த பட்டை ஸ்பிரிங்). டயர், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) என்று யோசிப்பதற்கு முன் சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைப் பார்த்தாக வேண்டும். இதன் சேஸிஸ் பெட்டி வடிவம். உள்ளே புகுந்த சேறு வெளியே வராது, துரு உள்ளிருந்துதான் தின்னும். மேலே பெயின்ட் பளபளப்பதில் அர்த்தமே இல்லை. பின்சக்கரத்துக்கு மேலே வளையும் இடம், ஷேக்கிள் (கமான் பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் இணைப்பு) பிராக்கெட், பின் குறுக்குச்சட்டம், பாடி சேஸிஸில் உட்காரும் பாடி மவுன்ட் எல்லாவற்றையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். 'ணங்' என்று கேட்டால் தகடு திடமாக இருக்கிறது. இடதுபக்கப் பின் ஷேக்கிள் பிராக்கெட் அருகே சத்தம் மழுங்கியது. உளியை வைத்ததும் இறங்கிவிட்டது.

துருவின் மேலேயே தகடு ஒட்டுவது வீண்வேலை. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்து, 3 மி.மீ. தகடு வைத்து வெல்டிங். வலுவூட்டத் தகட்டின் ஓரங்களைச் சாய்வாக வெட்ட வேண்டும். வெல்டிங் கோடு சேஸிஸுக்குக் குறுக்கே செங்குத்தாக ஓடினால் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி முனைகளையும் இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சாக்கெட்டையும் கழற்றுவது கட்டாயம்.

ஜனவரி 17

முன் நக்கிள், அதாவது ஸ்டீரிங்கோடு சேர்ந்து முன்சக்கரத்தைத் திருப்பும் அச்சு முனை. பழைய ஜிப்சிகளின் ஸ்டீரிங் உதறலுக்குப் பெரும்பாலும் காரணம் இங்கேதான் இருக்கும். ஸ்டீரிங் டேம்பர் (உதறலை அடக்கும் ஷாக்) மாட்டினால் உதறல் மறையும், தேய்மானம் தொடரும். அதனால் டேம்பரைக் கடைசியாகத்தான் தொடுவோம்.

சோதனை எளிது. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டவும். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லவும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் பேரிங், அதாவது நக்கிள் திரும்பும் ஊசியின் மேல், கீழ் பேரிங். இங்கே நிற்கவில்லை.

பிரித்ததில் கீழ் பேரிங் மட்டும் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தது. நக்கிள் சீல் கிழிந்து உள்ளே இறங்கும் தண்ணீர் கீழேதான் தேங்கும், ஆகவே முதலில் கெடுவதும் கீழ் பேரிங்தான். மேல் ஷிம்களையும் (இறுக்கத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) கீழ் ஷிம்களையும் தனித்தனியாகக் கம்பியில் கோர்த்து அடையாளமிட்டோம். புது பேரிங் ஏற்றி, சீல் மாட்டாமல், டை ராட் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) மாட்டும் துளையில் ஸ்பிரிங் தராசைக் கொக்கியிட்டு இழுத்தால் நக்கிள் 1 முதல் 1.8 கிலோவுக்குள் நகரத் தொடங்க வேண்டும். குறைவாக இருந்தால் ஒரு ஷிம்மை எடுக்கவும், அதிகமானால் சேர்க்கவும். சீலுடன் இழுத்தால் அதன் உரசலும் கணக்கில் சேர்ந்து அளவு பொய்யாகும். சீல் உரசும் உருண்டையில் இருந்த துருப்புள்ளிகளை 400 எண் உப்புத்தாளால் மழித்தோம். புள்ளி இருந்தால் புது சீலும் சீக்கிரம் கிழியும்.

ஜனவரி 18

டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது எஞ்சின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி. ஜிப்சியில் இது கியர்பாக்ஸிலிருந்து தனியாக, ரப்பர் மவுன்ட்களில் தொங்குகிறது. ரப்பர் வெடித்திருந்தால் லோ கியரில் கேஸ் முழுவதும் முறுக்கிக்கொண்டு இடையிலுள்ள குட்டை ஷாஃப்ட்டின் கிராஸை (மூட்டிலுள்ள சிலுவைத் துண்டை) உடைக்கும். மவுன்ட் அனைத்தும் புதிது.

ஜனவரி 31

கமான் பட்டை. லிஃப்டுக்கு, அதாவது வண்டியை உயர்த்த, நீள ஷேக்கிள் மாட்டுவது மலிவான வழி, எங்களுக்கு ஒப்புதல் இல்லை. ஷேக்கிளை 50 மி.மீ. நீட்டினால் வண்டி உயர்வது 25 மி.மீ. மட்டுமே. தவிர, ஜிப்சியில் முன் ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கிறது; அதை நீட்டினால் அச்சு சுழன்று கேஸ்டர் கோணம் (கிங்பின் பின்னோக்கிச் சாயும் கோணம்) குறையும், நேர்ச்சாலையில் வண்டி அலையும். ஏற்கெனவே அப்படிச் செய்த வண்டி என்றால் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே ஆப்பு ஷிம் வைக்கலாம், தடித்த பக்கம் முன்னோக்கி.

இங்கே தொய்ந்த பட்டைகளை மாற்றி, கம்பெனி உயரத்தை மீட்டதோடு நிறுத்திக்கொண்டோம். புஷ் (மூட்டு ரப்பர்) எல்லாம் புதிது. பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டும் புதிது; ஒருமுறை இழுபட்டது மறுபடி அதே இறுக்கத்தைப் பிடித்து நிற்காது. யூ போல்ட் தளர்ந்தால் அச்சு நகர்ந்து பட்டைகளை நடுவில் கோர்த்திருக்கும் சென்டர் போல்ட்டை வெட்டிவிடும்.

பிப்ரவரி 8

டயர். கம்பெனி அளவான 205/70 ஆர்15-இன் வெளிவிட்டம் 668 மி.மீ., 215/75 ஆர்15-க்கு 703 மி.மீ. டிஃபரன்ஷியலின் (அச்சின் நடுவிலுள்ள பருத்த பகுதி) அடியில் கூடுதலாகக் கிடைப்பது 18 மி.மீ.; கியர் 5 சதவீதம் கனக்கும், அதாவது இழுவை அவ்வளவு குறையும், மீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 63. 235/75 போட்டால் 10 சதவீதம்; இந்த எஞ்சினுக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும்.

சட்டமும் இருக்கிறது. பொதுச்சாலையில் ஓடும் வண்டிக்கு வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு பொருந்தும். பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக எதைச் செய்வதற்கு முன்னும் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

டியூப் டயரில் காற்றைக் குறைத்து மணலில் ஓட்டினால் டயர் ரிம்மில் வழுக்கி, டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். டியூப்லெஸ்ஸில் 15 பிஎஸ்ஐ வரை தைரியமாக இறக்கலாம். அதற்குக் கீழே திருப்பங்களில் நிதானம் வேண்டும்.

பிப்ரவரி 14

பிரீதர், அதாவது அச்சுக்குள் காற்று போய்வரும் துளை. ஓடிச் சூடான அச்சு ஆற்றுத் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அடைபட்ட பிரீதர் என்றால் ஆயில் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். இரு அச்சுகளின் பிரீதரிலும் ஹோஸ் மாட்டி, முன்னதை எஞ்சின் அறையின் உச்சிக்கும் பின்னதைப் பெட்ரோல் வாய்க்கருகிலும் கொண்டுபோனோம். அச்சு கீழே தொங்கும்போதும் இழுபடாத அளவுக்கு நீளம் விட வேண்டும். தண்ணீரில் இறங்கியபின் டிரெய்ன் போல்ட்டை இளக்கினால் பால் நிறத்தில் ஆயில் வருகிறதா என்று தெரிந்துவிடும். வந்தால் அன்றைக்கே மாற்றவும்.

பிப்ரவரி 22

முறுக்குச் சோதனை: மேடுபள்ளத்தில் அச்சுகள் முறுக்கும்போது எது இழுபடும், எது உரசும் என்று பார்ப்பது. முன் இடது, பின் வலது சக்கரங்களை மட்டும் மரக்கட்டைகளில் ஏற்றி, ஸ்டீரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பார்த்தோம். முன் வலது பிரேக் ஹோஸ் விறைத்தது. கோடியில் திருப்பினால் டயர் அதில் உரசியது. பிராக்கெட்டை 20 மி.மீ. இறக்கியபின் தளர்வு கிடைத்தது. தொங்கும் பக்கத்தில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) ஸ்லிப் ஜாயின்ட் (நீண்டு சுருங்கும் இணைப்பு) போதுமான ஆழத்தில் இருக்கிறது.

யூ போல்ட்டை 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை, 500-இல் ஒருமுறை இறுக்க வேண்டும். வண்டி சமதரையில் தன் எடையில் நிற்கும்போதுதான், ஜாக்கியில் தூக்கி வைத்து அல்ல. நான்கு நட்டையும் மூலைக்கு மூலை மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக.