நிமிடத்துக்கு 27 சொட்டு: அப்பாவுக்குக் குழாய் வழி உணவு கொடுத்த ஐந்து மாதம்

டிஸ்சார்ஜ் சீட்டில் சாப்பாடு பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘ஆர்.டி. ஃபீட், 200 மி.லி., 2 மணி நேரத்துக்கு ஒருமுறை.’ ஆர்.டி. என்றால் ரைல்ஸ் டியூப், மூக்கு வழியாக இரைப்பைக்குப் போகும் குழாய். ஒரு 50 மி.லி. சிரிஞ்சைக் கையில் கொடுத்து, “இதுல ஊத்துங்க, பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு வார்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். வார்டு நிரம்பி வழிந்தது, அவர் என்ன செய்வார்? அப்பாவின் மூக்கில் குழாய், என் கையில் சிரிஞ்சு. கோபிசெட்டிபாளையத்துக்கு வாடகைக் கார் பிடித்து ஊர் வந்து சேர்ந்தோம்.

அப்பாவுக்கு அப்போது 67 வயது. காடு, தோட்டம் என்று இருந்த மனுஷன். வெற்றிலை புகையிலைப் பழக்கம் நாற்பது வருஷமாக உண்டு. முதலில் களி உருண்டை நெஞ்சில் நிற்கிறது என்றார். அப்புறம் சோறு. அப்புறம் இட்லியே தண்ணீர் குடித்தால்தான் இறங்கியது. நாங்கள் கேஸ் என்று நினைத்து ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருந்தோம். நாலு மாதத்தில் 58 கிலோ 43 ஆனது. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் நடுப்பகுதியில் கட்டி. பயாப்ஸி புற்றுநோய் என்றது. கெட்டியான சாப்பாடு சிக்கி, பிறகு மெதுவானதும் சிக்கி, கடைசியில் கஞ்சியும் சிக்குவது இந்த நோயின் நேரான அடையாளம் என்று டாக்டர் சொன்னபோதுதான் அந்த நாலு மாதமும் வரிசையாகக் கண்முன் வந்தது. யாருக்காவது விழுங்குவதில் இப்படி ஆரம்பித்தால் ஓம வாட்டரோடு நிற்காதீர்கள்.

சிகிச்சை தொடங்கும் முன் உடம்பைத் தேற்ற வேண்டும் என்று எண்டோஸ்கோப்பி உதவியோடு மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டார்கள். ஜான் ஆல்ஃபிரெட் ரைல் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயர் அது. நான் வெகுநாள் வரை ரயில் மாதிரி நீளமாக இருப்பதால் அந்தப் பெயர் என்றே எண்ணியிருந்தேன். ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சத்து கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் சடாரென்று இறங்கி இதயத்தையே பாதிக்கும். அதனால் முதலில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டு, தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றினார்கள். அந்த வேலையை மருத்துவமனை நன்றாகவே செய்தது. எங்களுக்குச் சொல்லித்தர மட்டும் யாருக்கும் நேரமில்லை.

வீட்டுக்கு வந்த முதல் நாளே தப்பு செய்தேன். அப்பாவைப் படுத்தபடியே வைத்து, சிரிஞ்சின் பிஸ்டனால் கஞ்சியை அழுத்தி உள்ளே தள்ளினேன். 200 மி.லி.யும் மூன்று நிமிடத்தில் முடிந்தது. அடுத்த நிமிடம் அவர் இருமத் தொடங்கினார். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, தொண்டை வரை கஞ்சி ஏறி வந்தது. தூக்கி உட்கார வைத்து முதுகைத் தடவிக்கொண்டே அழுதேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரைச் சிஸ்டரம்மா என்றுதான் கூப்பிடும். அம்மா ஓடிப்போய்க் கூட்டி வந்தார். வந்தவர் என்னைத் திட்டவில்லை. “கஞ்சி ஓடியா போவுது? நீ மொதல்ல உக்காரு அம்மிணி” என்றார். அன்று சாயங்காலம் அவர் செய்து காட்டியதைத்தான் மூக்குக் குழாய் இருந்தவரை செய்தேன்.

முதலில் சோப்பு போட்டுக் கை கழுவினார். அப்பாவின் முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை அடுக்கி, பாதி உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவந்தார்; 30 டிகிரிக்குக் கீழே போகவே கூடாது, 45 இருந்தால் நல்லது. அடுத்து மூக்கு ஓரத்தில் பிளாஸ்திரியைப் பார்த்தார். அங்கே குழாயின் மேல் நீல மையில் ஒரு கோடு இருந்தது. அது வரைக்கும் நான் அதைக் கவனித்ததே இல்லை. “இந்தக் கோடு மூக்கை விட்டு வெளிய வந்திருந்தா ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தாத. உள்ள தள்ளிப் பாக்கவும் கூடாது. நேரா ஆஸ்பத்திரிதான்.” குழாய் நுரையீரல் பக்கம் போயிருந்தால் ஊற்றுவது அங்கேதான் போகும். காற்றடித்து வயிற்றில் ஸ்டெத் வைத்துக் கேட்கும் பழைய முறையை நம்பக் கூடாது, புதுக் குழாய் போட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே ஊற்ற வேண்டும் என்பதை அவர் இரண்டு முறை சொன்னார்.

அப்புறம் சிரிஞ்சிலிருந்து பிஸ்டனைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். வெறும் சிரிஞ்சைக் குழாயில் பொருத்தி, குழாயை மடித்துப் பிடித்தபடி, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 30 மி.லி. ஊற்றினார். மடிப்பை விட்டார்; இறங்கியது. அது முழுக்க இறங்கி முடியும் முன், சிரிஞ்சின் கழுத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்போதே கஞ்சியை ஊற்றினார். இடையில் காற்று போகக் கூடாது; போனால் வயிறு உப்பும். சிரிஞ்சை மூக்குக்கு ஒரு சாண் மேலே பிடித்தார். வேகமாக இறங்கினால் கையைத் தாழ்த்தினார், நின்றால் கொஞ்சம் உயர்த்தினார். கையே வால்வு. சிரிஞ்சில் கஞ்சியின் மட்டம் கோடு கோடாகக் கீழே இறங்குவதை அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார். 200 மி.லி. முடிய இருபது நிமிடம் ஆனது. கடைசியில் மறுபடியும் 30 மி.லி. தண்ணீர், மூடி, ஒரு மணி நேரம் படுக்கக் கூடாது. அவர் இருமவில்லை. “வயிறு நெறைஞ்ச மாதிரி இருக்குது கண்ணு” என்றார்.

கஞ்சியிலும் ஒரு விஷயம் கற்றேன். ராகி மாவைக் காய்ச்சினால் ஆறும்போது கெட்டியாகிக் குழாயில் நிற்கும். தண்ணீரை ஏற்றினால் சத்து இல்லாமல் வெறும் தண்ணீர்தான் போகும். ராகியை முளைகட்டி, உலர்த்தி, அரைத்து வைத்துக்கொண்டு, காய்ச்சிய கஞ்சி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அதில் ஒரு ஸ்பூன் கலக்கச் சொன்னார் சிஸ்டரம்மா. முளைவிடும்போது தானியத்தில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைக்கிறது. கலக்கிக்கொண்டே இருந்தால் கெட்டிக் கஞ்சி கண் முன்னே இளகிவிடும். ஒரு கொதி விட்டு இறக்கி, டீ வடிகட்டியில் ஒருமுறை, மல் துணியில் ஒருமுறை வடிகட்டினேன். பாசிப்பருப்புத் தண்ணீர், பால், டயட்டீஷியன் எழுதிக் கொடுத்த புரோட்டீன் பவுடர் என்று மாற்றி மாற்றிப் போனது.

ஒருநாள் குழாய் அடைத்துக்கொண்டது. காரணம் கஞ்சி இல்லை, மாத்திரை. நாலு மாத்திரையை ஒன்றாக இடித்துக் கரைத்து ஊற்றியிருந்தேன். வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து, மெதுவாகத் தள்ளி மெதுவாக இழுத்து, தள்ளி இழுத்து, முக்கால் மணி நேரம் போராடித்தான் வழி திறந்தது. கம்பி கிம்பி விட்டுக் குத்தக் கூடாது, குழாய் கிழிந்துவிடும். அன்றிலிருந்து ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனியாக, நடுவில் 15 மி.லி. தண்ணீர். இன்னொன்றும் தெரிந்தது. எல்லா மாத்திரையையும் இடிக்கக் கூடாது. வயிற்றுப் புண்ணுக்குக் கொடுத்த மாத்திரைக்கு மேலுறை இருந்தது, அதை இடித்தால் மருந்தே வீண். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை இடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் சேர்ந்துவிடும். டாக்டரிடம் சீட்டை நீட்டி ‘இதில் எதையெல்லாம் குழாயில் விடலாம்’ என்று கேட்டேன். இரண்டை மாற்றி எழுதிக் கொடுத்தார். கேட்டதால் மாறியது.

மூன்றாவது வாரம் தூக்கத்தில் அப்பாவே குழாயைப் பிடுங்கிவிட்டார். கட்டி இருப்பதால் சும்மா திரும்பப் போட முடியாது, மறுபடி எண்டோஸ்கோப்பி. பத்து நாளில் இரண்டாவது முறையும் வெளியே வந்தது. அப்போதுதான் வயிற்றில் குழாய் வைக்கலாம் என்றார்கள். இரைப்பையில் துளையிட்டு வைக்கும் பெக் குழாய் பல இடங்களில் உண்டு. ஆனால் அப்பாவுக்குப் பின்னால் ஆபரேஷன் வேண்டியிருந்தால் இரைப்பையைத்தான் மேலே இழுத்து உணவுக்குழாயாக மாற்றுவார்கள், அதில் ஓட்டை போடக் கூடாது. எனவே சிறுகுடலின் தொடக்கத்தில் வைத்தார்கள். வார்டில் எல்லோரும் எஃப்.ஜே. என்று சொல்லும் ஃபீடிங் ஜெஜுனோஸ்டமி.

இதற்கும் யாரும் சொல்லித்தரவில்லை. எனக்குத்தான் தெரியுமே என்று வீட்டில் பழையபடி சிரிஞ்சில் 200 மி.லி. விட்டேன். அரை மணி நேரத்தில் அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டியது, படபடப்பு, வயிற்றை முறுக்கிக்கொண்டு பேதி. மூன்று நாள் இப்படியே. பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பிராண்டை மாற்றினோம். தப்பு பவுடரில் இல்லை. இரைப்பை ஒரு தொட்டி, 200 மி.லி.யை வாங்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். சிறுகுடல் வாய்க்கால். மடையை மொத்தமாகத் திறந்தால் அடித்துக்கொண்டுதான் போகும். ரிவ்யூவுக்குப் போனபோது ஒரு சீனியர் சிஸ்டர் இதைக் கேட்டுவிட்டு, வேலையை நிறுத்தி, என்னைக் கூட்டிப்போய், ஃபீட் பையை மாட்டி, சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரை என் கையாலேயே திருக வைத்தார். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

கணக்கு இதுதான். அப்பாவின் எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,300 கலோரி. மி.லி.க்கு ஒரு கலோரி வருகிற மாதிரி பவுடரைக் கலக்க வேண்டும். காலை 6 முதல் இரவு 10 வரை 16 மணி நேரம், மணிக்கு 80 மி.லி. பையோடு வரும் எங்கள் சொட்டுக் குழாய் செட்டில் 20 சொட்டு ஒரு மி.லி. அப்படியானால் நிமிடத்துக்கு 27 சொட்டு. கலந்த உணவு நாலு மணி நேரத்துக்கு மேல் தொங்கக் கூடாது, கெட்டுப்போகும். எனவே ஒரு தடவைக்கு 320 மி.லி. மட்டும், நாலு தடவை. இரைப்பையின் அமிலம் கிருமியைக் கொல்லும் வாய்ப்பு இங்கே இல்லை என்பதால் தண்ணீர் கொதித்து ஆறியதாகவே இருக்க வேண்டும். ஆரம்பத்தில் மணிக்கு 30 மி.லி.யில் தொடங்கி நாலைந்து நாளில் 80க்கு வந்தோம். பேதி நின்றது.

சுவரில் ஆணி அடித்துப் பையைத் தொங்கவிட்டோம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சொட்டு எண்ணுவது என் வேலை. பிறகு அப்பாவே எண்ண ஆரம்பித்தார். “இருவத்தி நாலுதான் வருது, கொஞ்சம் தெற சாமி” என்பார். பையின் மேல் ‘வயிற்றுக் குழாய் – உணவு மட்டும்’ என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன். கீமோவுக்குப் போகும் நாளில் கையில் சலைன் ஊசியும் இருக்கும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. மாறி மாட்டினால் உயிர் போய்விடும்.

குழாய் வயிற்றில் நுழையும் இடத்தைத் தினமும் காலையில் வெந்நீர் ஆறியதில் துடைத்து ஈரமில்லாமல் ஒற்றி எடுப்பேன். பச்சை, மஞ்சளாகக் கசிவு வந்து தோல் வெந்தது மாதிரி ஆனபோது ஜிங்க் ஆக்சைடு களிம்பு தடவச் சொன்னார்கள். நாலு நாளில் ஆறியது. தையல் விட்டுக் குழாய் நழுவினால் மறுநாள் காலை என்று தள்ளக் கூடாது, சில மணி நேரத்திலேயே துளை சுருங்கிவிடும் என்று அந்த சீனியர் சிஸ்டர் எச்சரித்திருந்தார். ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு அப்படியே ஆனது. சுத்தமான துணியை வைத்து ஒட்டி, குழாயையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடினோம். ஒரு மணிக்கெல்லாம் அதே துளையில் புதுக் குழாய் வைத்து, அதில் எக்ஸ்ரேயில் தெரியும் மருந்து விட்டுப் படம் எடுத்துச் சரிபார்த்து அனுப்பினார்கள்.

வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாயால் சாப்பிடாதவருக்கு வாய் சுத்தம் எதற்கு என்று நினைத்தால் தப்பு. மெல்லாமல் இருந்தால் எச்சில் ஊறுவது குறைந்து நாக்கில் வெள்ளை படிந்து நாறும். அந்தக் கிருமி நெஞ்சுக்குள் போனால் நிமோனியா. காலை, மாலை மெல்லிய பிரஷ், நடுநடுவே சமையல் சோடா கலந்த தண்ணீரில் கொப்பளிப்பு. ஆனால் அப்பா ஏங்கியது ருசிக்கு. அம்மா காலையில் காப்பி போடும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டாக்டரிடம் கேட்டு அனுமதி வாங்கியபின், அரை ஸ்பூன் ரசத்தை நாக்கில் விட்டோம். கொஞ்ச நேரம் வைத்திருந்து, கண்ணை மூடிக்கொண்டு, கிண்ணத்தில் துப்பினார். “பூண்டு போட்டிருக்கா” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

நுரையீரல் பலம் போதாது என்று ஆபரேஷன் வேண்டாமென முடிவாகி, 28 கதிர்வீச்சும் கூடவே கீமோவும் கொடுத்தார்கள். நடுவில் ஒருநாள்கூட நிறுத்த வேண்டியிருக்கவில்லை. எடை 43லிருந்து 47 ஆனது. பக்கத்துப் படுக்கைக்காரர்களில் இருவருக்கு உடம்பு தாங்காமல் பாதியில் நின்றதைப் பார்த்தோம். அந்தக் குழாய்தான் அப்பாவைத் தாங்கியது என்று நான் நம்புகிறேன்.

நாளை உங்கள் வீட்டு நோயாளி குழாயோடு டிஸ்சார்ஜ் ஆகிறார் என்றால், நர்ஸ் முன்னால் உங்கள் கையால் ஒரு வேளை உணவு கொடுத்துக் காட்டாமல் வார்டை விட்டு இறங்காதீர்கள். “நான் ஊத்தறேன், நீங்க பாருங்க சிஸ்டர்” என்று கேளுங்கள். சீட்டில் எழுதிய வரியை ஒவ்வொரு வார்த்தையாகக் கேளுங்கள்: எந்தக் குழாய், எங்கே போகிறது, சிரிஞ்சா சொட்டா, அடைத்தால், நழுவினால் யாரைக் கூப்பிடுவது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லி வையுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு நர்ஸ் வீட்டுக்கே வருகிறார். எங்களுக்கு இது தெரிய இரண்டு மாதம் ஆனது.

ஐந்தாவது மாத முடிவில் அப்பா இளநீர் குடித்தார், அப்புறம் குழைந்த பருப்புச் சோறு. மூன்று வாரம் வாயாலேயே போதுமான அளவு சாப்பிட்டு எடை குறையவில்லை என்று பார்த்த பிறகு, தையலை வெட்டிக் குழாயை இழுத்து எடுத்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து நாள் துணி லேசாக நனைந்தது, அப்புறம் துளை தானாக மூடிக்கொண்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறோம். ஒரு நாளைக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறார். சுவரில் ஆணி அப்படியே இருக்கிறது. அம்மா அதில் தினசரி காலண்டரை மாட்டியிருக்கிறார்.